நானூற்று ஏழு

"வாங்குறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா?"
பாம்பன் தெற்குவாடியில்
சீனி நைனா அண்ணன் கேட்கிறார்,
பாக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு
நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து.

எட்டாவதோடு நின்றவள்.
இங்கிலீசை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.
முன்பக்கம் கோதுமைக் கதிர் ஆளுயரத்துக்கு.
பின்பக்கம்
எறும்புக்கென்று அச்சடித்தது.

மாதத்தில் பன்னிரண்டு நாள்
விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு முங்குவோம்,
மரிக்கொழுந்துப் பாசிக்கு.
மற்ற நாளில் மூங்கில் மிதவை.
கயிற்றில் கட்டிவிட்டால்
நாற்பத்தைந்து நாளில் கொழுத்துத் தொங்கும்
பெப்சிப் பாசி.
கொண்டுவந்த கம்பெனி போய் வருசமாச்சு,
பேரை மட்டும் கரையில் விட்டுவிட்டு.

"இது எங்க போகுது?"
ஏஜெண்ட் கிறிஸ்துராஜிடம் கேட்டேன் ஒருநாள்.
தராசிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:
"பொடியாக்கிப் பால்ல போடுவாக,
ஐஸ்கிரீம்ல போடுவாக, கெட்டியா நிக்க.
அட்டையில பேரு இருக்காது, நம்பருதான்.
நானூத்தி ஏழு."

அன்றிலிருந்துதான் இந்தப் படிப்பு.
மூன்றாவது கடையில், சாக்லேட் பால் டப்பாவில்,
கடைசி வரியில், அடைப்புக்குறிக்குள்
ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.
நாகவள்ளியை இழுத்துக் காட்டினேன்:
"ஏடி, இது நம்மதான்டி!"

"நம்பர் போட்டதெல்லாம் விஷமாம்,
வாட்சப்புல வந்துச்சு" என்றாள் ஜெபமாலை.
அப்படியென்றால்
பாறை கிழித்த என் முழங்காலும் விஷம்,
தண்ணீரில் ஊறி வெளுத்த பத்து விரலும் விஷம்.
எல்லா நம்பருக்கும் நான் ஜாமீன் நிற்கமாட்டேன்.
இந்த ஒன்றை எனக்குத் தெரியும்.

கடைசி வரியிலிருந்து மேலே ஏறினேன்.
கிறிஸ்துராஜ் சிட்டையில்
கூடின எடை முதலில், குறைந்தது கடைசியில்.
அட்டையிலும் அதே கணக்குத்தானாம்.
பால் முதலில். சரி.
அடுத்து எஸ், யூ, ஜி, ஏ, ஆர்.
என் பாசி கடுகளவு.
சீனி, நைனா அண்ணன் பேரைப் போல
முன்னாலேயே நிற்கிறது.

கோதுமைக் கதிர் பிஸ்கட்டைத் திருப்பினேன்.
முதலில் மைதா. பிறகு சீனி. பிறகு பாமாயில்.
கோதுமை, கூட்டத்துக்குப் பிந்தி வந்த ஆள் மாதிரி
வாசலோரம்.

மண்டபம் ஆஸ்பத்திரியில் போன மாதம்
நர்சம்மா கையில் பட்டையைச் சுற்றி
நூற்று அறுபது என்றார்.
"உப்பைக் குறைங்க."
அஞ்சு மணி நேரம் உப்புக்குள்ளேயே கிடக்கிறவளிடம்.
கருவாட்டை விட்டேன். ஊறுகாயை விட்டேன்.
பட்டை இறங்கவில்லை.
வள்ளத்தில் பசிக்குப் பிரிக்கிற
மசாலா சிப்ஸை மட்டும்
யாரும் உப்பு என்று சொல்லவில்லை.
அதில் அதற்குச் சோடியம் என்று பேர்.

முப்பது கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறான்.
பாக்கெட்டோ தொண்ணூறு.
வாடைக்காற்றில், ஈரக் கையோடு,
முப்பது கிராமில் நிறுத்தி
மடித்து வைத்தவள் எவள்?
மூன்றால் பெருக்கினேன்.
பெருக்கியதும் தொண்டை வறண்டது.

நான் பயந்தது நம்பருக்கு.
நம்பர் நானாக இருந்தேன்.
உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டவை எல்லாம்
பிறந்ததிலிருந்து எனக்குப் பேர் தெரிந்தவை:
சீனி, எண்ணெய், உப்பு.

"சொல்லு, எதை எடுக்க?"
மேல் கம்பியில் தூசி பிடித்துத் தொங்கிய சரத்தில்
வறுத்த நிலக்கடலை இரண்டு கிழித்துக் கேட்டேன்.
பின்பக்கம் ஒரே வரி: நிலக்கடலை, உப்பு.
உப்பு இரண்டாவதுதான்,
எவ்வளவு என்றும் பார்த்துக்கொண்டேன்.
"அதுல எனக்கு லாபமே இல்ல" என்றார்.
"எனக்கு இருக்கு."

ஆனாலும் சனிக்கிழமை, கூலி வந்ததும்,
அந்தச் சாக்லேட் பால் ஒன்று வாங்கினேன்.
மூன்று பேருக்கு ஒரு டப்பா.
நாகவள்ளி உறிஞ்சி, கண்ணை மூடி, சொன்னாள்:
"நம்ம ருசியே இல்லடி இதுல."